ரீட் என்றும் ஷெர்கோல்ட் என்றும் ஒரு குண்டு எறி வீராங்கனை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பிரிட்டிஷ் உளவுத் துறையில் இருந்துகொண்டே ரஷ்யாவுக்கு வேலை பார்த்த ஜார்ஜ் பிளேக் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் பிளேக்கின் வாயிலிருந்து உண்மையை வரவழைத்த ஹரோல்ட் ஷெர்கோல்ட் என்ற அதிகாரியைச் சொல்லிவிட்டு, ‘இவரது மனைவி ஒலிம்பிக்கில் குண்டு எறிந்தவர்’ என்று ஒரே ஒரு வரி. வழக்கமாக இந்தப் பகுதிக்குக் கிரிக்கெட்டும் கபடியுமாகத்தான் கேள்விகள் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே. முப்பத்தோரு வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள், அதற்கு முன்னால் நானும் குண்டு எறிந்தவள் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

அந்த ஒரு வரியோடு விட்டுவிட்டார்களே, யார் அந்த அம்மா? பெயராவது சொல்லக்கூடாதா?
– வாசகி, தென்காசி

பெயர் பெவிஸ். 1919 ஜூன் மாதம் பிறந்தவர். பிறந்த வீட்டில் பெவிஸ் ரீட், கல்யாணத்துக்குப் பிறகு பெவிஸ் ஷெர்கோல்ட். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, இருபது வயதை ஒட்டி, இங்கிலாந்துப் பெண்கள் தடகளச் சங்கத்தின் தேசியப் போட்டியில் குண்டு எறிதலில் பட்டம் வாங்கிவிட்டார். போர் முடிந்த பிறகும் வாங்கினார். குண்டோடு வட்டும் எறிவார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இரண்டிலுமே பிரிட்டனுக்காக இறங்கினார். பதக்கம் கிடைக்கவில்லை.

இதை வாசித்துவிட்டு, ‘பதக்கம் இல்லையா, சரி’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் அம்மா. ‘போருக்கு முன்பும் பின்பும்’ என்பதை எழுத ஒரு நொடி போதும். அதற்கு நடுவில் என்ன இருந்தது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் பெவிஸுக்கு 20 வயது. முடிந்த 1945இல் 26. 1940இல் டோக்கியோவில் நடக்க வேண்டிய ஒலிம்பிக் ஹெல்சிங்கிக்கு மாறி, பிறகு நடக்காமலே போயிற்று. 1944இல் லண்டனில் நடக்க வேண்டியதும் இல்லை என்றாகிவிட்டது. ஓட்டக்காரிக்குப் பத்தொன்பது வயதில் வேகம் வந்துவிடும். எறிகிறவளுக்கு அப்படி இல்லை. தோளும் இடுப்பும் தொடையும் சேர்ந்து ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட வருடங்கள் ஆகும். இருபத்து மூன்று, நான்கு வயதில்தான் குண்டு சொன்னபடி கேட்கத் தொடங்கும். அந்த வயதில் பெவிஸுக்குப் பெரிய போட்டி எதுவும் இல்லை. லண்டன் வட்டத்துக்குள் கடைசியில் கால் வைத்தபோது அவருக்கு 29.

எனக்கு ஒரு முறை முழங்கையில் அடிபட்டு இரண்டு வருடம் எறியாமல் இருந்தேன். திரும்பி வந்த முதல் நாள், குண்டை எடுத்துக் கழுத்தில் வைத்தபோது அது யாரோ பக்கத்து வீட்டுக்காரருடைய சாமான் மாதிரி இருந்தது. கைக்குத் தெரிகிறது, உடம்புக்கு ஞாபகமில்லை. பழைய தூரம் வர எட்டு மாதம் ஆயிற்று. இரண்டு வருடத்துக்கே இப்படி. அத்தனை வருடம் தேசமே பதுங்குகுழியில் இருந்த பிறகு ஒரு பெண் திரும்பிப் போய் மறுபடி முதலிடம் வாங்குகிறாள் என்றால், அது எனக்குப் பதக்கத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

பெண்களுக்கு 1948இல்தான் ஒலிம்பிக்கில் குண்டு எறிதல் வந்தது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், நாமக்கல்

உண்மை. ஆண்களுக்கு 1896இல், முதல் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்குத் தடகளம் திறந்ததே 1928 ஆம்ஸ்டர்டாமில்தான், அதுவும் ஐந்தே பிரிவுகள். வட்டு எறிதல் அதில் இருந்தது, குண்டு இல்லை. 1932இல் ஈட்டி வந்தது. குண்டு, நீளம் தாண்டுதல், 200 மீட்டர் மூன்றும் 1948 லண்டனில்தான் சேர்ந்தன.

அதற்காக அதுவரை பெண்கள் குண்டு எறியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒலிம்பிக் கதவு மூடியிருந்த காலத்தில் அவர்களே தனியாகப் போட்டி நடத்திக்கொண்டார்கள். 1921இல் மான்டி கார்லோவில் நடந்தது, 1922இல் பாரிஸில் நடந்தது. இங்கிலாந்துப் பெண்கள் தடகளச் சங்கம் அமைந்ததும் 1922இல்தான். அந்தப் போட்டிகளில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. வலது கையால் எறிந்த தூரம், இடது கையால் எறிந்த தூரம், இரண்டையும் கூட்டித்தான் முடிவு. ஒரே பக்கம் உடம்பு வளர்ந்துவிடக் கூடாது என்ற கவலையாம். என்ன கவலையாக இருந்தாலும், இடது கையால் எறிந்து பழகிய பெண்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. நான் பல மாணவிகளுக்குச் சொல்லிப் பார்த்தேன், ஒருத்திகூட இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

போர் முடிந்து மூன்றே வருடம். சாப்பாட்டுக்கே ரேஷன் இருந்த ஊரில் குண்டு எறியத் தெம்பு எங்கிருந்து வந்தது?
– வாசகி, காரைக்குடி

நல்ல கேள்வி. எறிகிறவர்களுக்கு முதல் பிரச்சினை இதுதான். லண்டனில் அப்போது இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை, எல்லாமே அளந்துதான். பிரிட்டிஷ் ஒலிம்பிக் அணிக்குச் சலுகையாகக் கிடைத்தது, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் சுரங்கத் தொழிலாளிகளுக்கும் கொடுத்த கூடுதல் ரேஷன். மற்ற ஜனங்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,600 கலோரி என்றால் இவர்களுக்கு 5,467. ஆனால் ஒரு குண்டு வீராங்கனையின் உடம்பு ஒலிம்பிக்குக்கு முந்தின சில வாரங்களில் உருவாகிவிடுவதில்லையே! அதற்கு முன் ஏழெட்டு வருடம் உருளைக்கிழங்கும் ரொட்டியுமாக ஓட்டியிருக்கிறார்கள்.

துணிக்கும் கூப்பன்தான். அது 1949 மார்ச் வரை நீடித்தது. பிரிட்டிஷ் அணிப் பெண்கள் பலர் தங்கள் கால்சட்டையைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒலிம்பிக் நடந்த வெம்ப்ளி மைதானத்தில் அதுவரை நாய்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அதன்மேல் கரித்தூள் கொட்டிப் பரப்பி ஓடுதளம் போட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பெண்களுக்குத் தடகளத்தில் அந்த ஒலிம்பிக்கில் நான்கு வெள்ளி. டொரதி மேன்லி 100 மீட்டரில், ஆட்ரி வில்லியம்சன் 200இல், மாரீன் கார்ட்னர் 80 மீட்டர் தடை ஓட்டத்தில், டொரதி டைலர் உயரம் தாண்டுதலில். ஓடியவர்களும் தாண்டியவர்களும் பெயர் வாங்கினார்கள். எறிந்தவர்கள் மூலையில் இருந்த வட்டத்துக்குள் எறிந்துவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனார்கள். மைதானத்தில் எறிகிறவர்களுக்கு எந்த ஊரிலும் அந்த மூலைதான்.

அந்த ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் ஜெயித்தது ஒரு பியானோ கலைஞர் என்று படித்தேன். விரல் என்னாவது? நம்பவே முடியவில்லை.
– வாசகர், கும்பகோணம்

நம்புங்கள் ஐயா. பிரான்ஸ் நாட்டு மிஷெலின் ஒஸ்டர்மேயர். பாரிஸ் இசைக் கல்லூரியில் 1946இல் முதல் பரிசு வாங்கியவர். 1948 ஜூலை 30ஆம் தேதி வட்டு எறிதலில் தங்கம். ஆகஸ்ட் 4ஆம் தேதி குண்டு எறிதலில் தங்கம், 13.75 மீட்டர். அதோடு விடாமல் உயரம் தாண்டுதலில் வெண்கலம். இரண்டாவதாக வந்த இத்தாலியின் அமேலியா பிச்சினினி 13.09, மூன்றாவது ஆஸ்திரியாவின் இனே ஷேஃபர் 13.08. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே ஒரே ஒரு சென்டிமீட்டர். குண்டு விழுந்த பள்ளத்தின் எந்த விளிம்பில் குச்சியைக் குத்துகிறார் நடுவர் என்பதில் போய்விடுகிற தூரம் அது.

அன்று ஜெயித்த பிறகு பிரெஞ்சு அணி தங்கியிருந்த இடத்தில் பியானோ முன் உட்கார்ந்து பேதோவன் வாசித்தார். அவரை வீராங்கனை என்றே ஊர் பார்த்ததால் இசை உலகம் வெகுகாலம் அவரைச் சந்தேகமாகவே பார்த்தது. லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் இசையில் உடல்வலு தெரிகிறது என்று, பேச்சுக்குப் பயந்து அதைக்கூடச் சில வருடம் ஒதுக்கி வைத்தார்.

விரலைப் பற்றிக் கேட்டீர்கள். குண்டு உள்ளங்கையில் உட்காராது. விரல்களின் அடிப்பகுதியில், மூன்று நடுவிரல்கள் சேர்ந்து தாங்க, கட்டை விரலும் சுண்டு விரலும் இரண்டு பக்கமும் அணை கொடுக்க இருக்கும். உள்ளங்கை கடைசிவரை சுத்தமாக இருக்க வேண்டும். கை அழுக்கைப் பார்த்தே மாணவி எப்படிப் பிடித்தாள் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். கடைசித் தள்ளலில் குண்டை அனுப்புவது விரல்தான். பலமான, சொன்னபடி கேட்கிற விரல் உள்ளவருக்கு அது உதவிதான் செய்யும்.

இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948க்கு சோவியத் ரஷ்யா வரவில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் குண்டில் உலகத்தின் தலை அங்கேதான் இருந்தது. தாத்தியானா செவ்ரியுகோவா அதே 1948இல் 14.59 எறிந்தார். நாலு வருடம் கழித்து 1952 ஹெல்சிங்கியில் ரஷ்யா வந்தது. கலினா ஸிபினா 15.28 எறிந்து உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். நாலே வருடத்தில் ஒன்றரை மீட்டர்! லண்டனில் எறிந்த பெண்களுக்கு, தாங்கள் ஒரு காலத்தின் கடைசிப் படியில் நின்றோம் என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும்.

அப்போது எப்படி எறிந்தார்கள்? இப்போது சுற்றிச் சுற்றி எறிகிறார்களே, அது அன்று உண்டா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

சுற்றுவது அன்று இல்லை. குண்டும் வட்டமும் மட்டும் மாறவில்லை: பெண்களுக்கு 4 கிலோ, வட்டத்தின் விட்டம் ஏழு அடி, அதாவது 2.135 மீட்டர், முன்னால் வெள்ளை அடித்த வளைந்த தடுப்புக் கட்டை. வட்டத்தின் தரை மட்டும் வேறு. இன்று சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். அன்று மண்ணும் கரித்தூளும்தான், ஆணி வைத்த ஷூ போட்டுக்கொண்டு எறிவார்கள். முதல் நாலு பேர் எறிந்து முடிப்பதற்குள் கால் வைக்கிற இடம் பள்ளமாகிவிடும். மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்.

பழைய முறையில் பக்கவாட்டில் நிற்பார்கள். வலது கைக்காரி என்றால் எறிகிற திசைக்கு இடது தோள் காட்டி, வலது காலில் பாரத்தைப் போட்டு நிற்க வேண்டும். குண்டு தாடைக்குக் கீழே, கழுத்து எலும்புக்கு மேலே இருக்கிற குழியில் ஒட்டியிருக்கும். இடது காலை ஒரு முறை மெல்ல ஆட்டி, வலது காலால் ஒரு சின்னத் தாவல். வட்டத்தின் நடுவுக்கு வந்து கால் ஊன்றிய அதே கணத்தில் இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், மார்பு அடுத்து, தோள் அடுத்து, கை கடைசி. கை முந்திக்கொண்டால் போச்சு, குண்டு கழுத்தை விட்டுப் பிரிந்துவிடும், நடுவர் கொடி தூக்கிவிடுவார். குண்டைத் தள்ளத்தான் வேண்டும், வீசக் கூடாது. எறிந்த பிறகும் வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியே வர வேண்டும். சந்தோஷத்தில் முன்பக்கமாகக் குதித்து நல்ல எறியைத் தொலைத்த பெண்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எறிகிற திசைக்கு முதுகைக் காட்டி நின்று, வழுக்கிக்கொண்டு வந்து திரும்புகிற முறையை அமெரிக்கர் பாரி ஓ’பிரையன் கொண்டு வந்தது 1950களின் தொடக்கத்தில். அது பரவியதும் தூரங்கள் எகிறின. பெவிஸ் தலைமுறைக்கு அது எட்டவில்லை. நான் சாதாரண நாளில் மாணவிகளுக்கு முதலில் கற்றுக் கொடுப்பது அந்தப் பழைய பக்கவாட்டு நிலையைத்தான். இடுப்பு முதலில், கை கடைசி என்பது அதில்தான் சுத்தமாகப் புரியும்.

பிளேக்கை விசாரித்தபோது அவரை ஷெர்கோல்டின் வீட்டிலேயே தங்க வைத்தார்கள் என்கிறார்களே. அப்படியானால் இந்த அம்மாவும் அங்கே இருந்தாரா?
– வாசகர், விருதுநகர்

இருந்தார். 1961 ஏப்ரல். லெபனானில் அரபு மொழி படித்துக்கொண்டிருந்த பிளேக்கை லண்டனுக்கு வரவழைத்து, ஷெர்கோல்டும் இன்னும் சிலரும் நாள்கணக்கில் கேள்வி கேட்டார்கள். மூன்றாம் நாள் அவர் ஒப்புக்கொண்டார். அடுத்து என்ன செய்வது என்று மேலிடம் முடிவெடுக்கும் வரை அவரை ஓர் இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஹாம்ப்ஷயர் கிராமத்தில் ஷெர்கோல்டுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது, வார இறுதிக்கு அங்கே கூட்டிப்போனார்கள். ஷெர்கோல்டின் மனைவியும் மாமியாரும் அங்கே இருந்தார்கள். வீட்டைச் சுற்றிப் போலீஸ். நடக்கக் கிளம்பினால் பின்னால் ஒரு கார் மெல்ல ஊர்ந்து வரும். வீட்டுக்குள்ளே யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிளேக் ஒரு நாள் மத்தியானம் அடுப்படியில் நின்று, அந்த வீட்டுப் பாட்டியம்மாவோடு சேர்ந்து எல்லாருக்கும் பான்கேக் சுட்டார். அதில் தான் கைதேர்ந்தவன் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் அவருக்கு 42 வருடச் சிறை. 1966இல் தப்பி மாஸ்கோ போனார், 2020இல் அங்கேயே இறந்தார்.

உளவுக் கதை எழுதுகிற எல்லாரும் இந்தப் பான்கேக்கை விடுவதில்லை. நானும் விடவில்லை பாருங்கள். ஆனால் அந்தக் கதைகளில் பெவிஸ் வருவது கதவைத் திறந்து விடுகிற ஆளாக மட்டும். கணவர் சாமானியர் இல்லை, ஒலெக் பென்கோவ்ஸ்கி என்ற ரஷ்யக் கர்னல் மேற்கு நாடுகளுக்குக் கொடுத்த ரகசியங்களைக் கையாண்ட குழுவிலும் இருந்தவர். ரகசியத்தைக் காப்பாற்றுவதே தொழில் என்பதால் அவர் வெளியே பேசவில்லை. அவர் மௌனத்தின் நிழல் மனைவி மேலும் விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வார இறுதியில் அடுப்படிக்கு வந்து போய்க்கொண்டிருந்த 41 வயதுப் பெண்மணி வெம்ப்ளியில் உலகத்தின் முன்னால் குண்டு எறிந்தவர். அதை வைத்து ஒருவராவது ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

பெவிஸுக்குப் பிறகு இங்கிலாந்தில் யாராவது குண்டில் பெரிதாக வந்தார்களா?
– வாசகி, புதுச்சேரி

சூசன் ஆல்டேயைச் சொல்வேன். கல்யாணத்துக்கு முன் சூசன் ஃபார்மர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குப் போனபோது பதினேழு வயது. அடுத்து மெல்போர்ன், ரோம். இவரும் பெவிஸ் மாதிரியே குண்டும் வட்டும். 1958இல் கார்டிஃபில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வட்டு எறிதலில் தங்கம், குண்டில் வெள்ளி. குண்டில் தங்கம் வாங்கியவர் நியூசிலாந்தின் வாலெரி ஸ்லோப்பர். சூசனின் கணவர் பீட்டர் ஆல்டே அதே போட்டியில் சங்கிலிக் குண்டு எறிதலில் வெண்கலம். ஒரே வீட்டுக்கு ஒரே போட்டியில் மூன்று நிறத்திலும் பதக்கம்! நம் ஊர்ப் பழைய ஆட்களுக்கு கார்டிஃப் என்றதும் மில்கா சிங் 440 கெஜம் ஓடித் தங்கம் வாங்கியது ஞாபகம் வரும். அதே மைதானம்தான், அதே வாரம்தான்.

காமன்வெல்த்தில் பெண்கள் குண்டு எறிதலில் ஓர் ஆங்கிலேயப் பெண் தங்கம் வாங்க 1982 ஆயிற்று. ஜூடி ஓக்ஸ். பிறகு 1994, 1998 என்று இன்னும் இரண்டு தங்கம் வாங்கினார்.

இங்கே ஒரு விஷயம் கவனித்தீர்களா? ரீட் ஷெர்கோல்ட் ஆனார். ஃபார்மர் ஆல்டே ஆனார். ஸ்லோப்பர் அடுத்த காமன்வெல்த்தில் யங் என்ற பெயரில் எறிந்தார். உயரம் தாண்டிய டொரதி டைலர் 1936 பெர்லினில் டொரதி ஓடம். பழைய முடிவுப் பட்டியலைத் தூசி தட்டி எடுத்தால் ஒரே பெண் இரண்டு பெண்களாக நிற்பாள். யாராவது உட்கார்ந்து இரண்டையும் ஒட்ட வைக்காவிட்டால் பாதிப் பாதியாகவே மறந்து போவாள். கல்யாணமான அடுத்த வருடம் நானும் ஒரு போட்டியில் இரண்டாவது வந்தேன். சான்றிதழில் ‘திருமதி’ போட்டு, அதை அடுத்து என் கணவர் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். எறிந்தது அவர் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். திருத்தித் தரச் சொல்லி மூன்று தடவை போனேன். கடைசிவரை திருத்தவில்லை. அந்தக் காகிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதன் பின்பக்கம் பென்சிலால் நானே என் பெயரையும் தூரத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் குண்டு எறியக் கூப்பிடுகிறார்கள், அவளுக்கும் ஆசை. ‘பெண் பிள்ளைக்குத் தோள் பெருத்துவிடும், பிறகு யார் கட்டுவார்கள்’ என்கிறார் என் மாமியார். என்ன சொல்வது?
– ஒரு தாய், மணப்பாறை

தாயே, உங்கள் மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். ஒரு நாள் அவரையே மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். பேத்தி எறிவதை ஒரு தடவை கிட்டத்தில் நின்று பார்த்த பாட்டிகள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தோள் கொஞ்சம் பலப்படும். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குடமும் நெல் மூட்டையும் தூக்கிய நம் அம்மாக்களின் தோளும் அப்படித்தான் இருந்தது, அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

மகளுக்குச் சில விஷயங்கள். இந்த வயதில் 4 கிலோ வேண்டாம், 3 கிலோ குண்டு வாங்கச் சொல்லுங்கள். முதல் மாதம் தாவலே வேண்டாம், நின்ற இடத்திலிருந்து தள்ளட்டும். அதற்கும் முன்னால் மெடிசின் பால் என்கிற கனமான பந்தை இரண்டு கையாலும் மார்பிலிருந்து சுவரில் தள்ளிப் பிடிக்கட்டும், தினமும் முப்பது தடவை. எறிந்து முடித்ததும் கழுத்தைப் பாருங்கள். தாடைக்குக் கீழே மண் ஒட்டியிருந்தால் சரியாக வைத்திருக்கிறாள். உள்ளங்கையில் மண் இருந்தால் தப்பு. முழங்கை வலிக்கிறது என்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், ‘இன்னும் ஒரே ஒரு எறி’ என்று சொன்னாலும் விடக் கூடாது. நான் விட்டதன் பலன்தான் அந்த இரண்டு வருடம்.

கடிதத்தில் மகளின் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள். முதல் போட்டி முடிந்ததும் பெயரையும் தூரத்தையும் எழுதி அனுப்புங்கள்.